வழி சொல்லாத வைத்தியர்: கார்ல் ரோஜர்ஸ்

இலக்கியக் கூட்டத்தில் ஒரு உளசிகிச்சையாளரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்தார். ஃபிராய்ட் என்றால் பரவாயில்லை, எழுத்தாளர்கள் அவரை விடுவதே இல்லை; இது யார் என்று கேட்டார். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர். 1902இல் பிறந்து 1987இல் இறந்தவர். இன்றைக்கு நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு கவுன்சலர் அறைக்குள் போனால், அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தால், எதிரே இருப்பவர் புத்தி சொல்லாமல் நீங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தால், அதில் இவருடைய கை இருக்கிறது.

நான் உளவியல் படித்தவள் இல்லை. செவிலியர் பட்டயப் படிப்பு படித்தவள். அந்தப் படிப்பில் மனநலச் செவிலியம் ஒரு பாடம். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று அதில் சில பக்கங்கள் வரும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து எழுதினோம். அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது பல வருடம் கழித்து, அயர்லாந்தில் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய புத்தகங்களை இரவுப் பணி முடிந்த பகல்களில் படித்தேன். அந்த வாசிப்பிலிருந்துதான் பேசுகிறேன்.

ரோஜர்ஸ் பிறந்தது சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில். அதே ஊரில் மூன்று வருடம் முன்னால் ஹெமிங்வே பிறந்திருக்கிறார். ரோஜர்ஸ் ஆறு பிள்ளைகளில் நான்காமவர். அப்பா பொறியாளர், கட்டுமானத் தொழில் செய்தவர். வீட்டில் கடுமையான புராட்டஸ்டண்ட் ஒழுக்கம். குடி கிடையாது, சீட்டு கிடையாது, நாடகம் கிடையாது, நடனம் கிடையாது. முதல்முறை ஒரு சோடா பாட்டிலைக் குடித்தபோதுகூட ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி இருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். நாகர்கோவில் பக்கம் எங்கள் சபைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்பு நிறைய இருக்கும்; ஆனால் அந்த அன்புக்கு ஒரு பட்டியல் இருக்கும்.

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் நகரத்தை விட்டு ஒரு பண்ணைக்குப் போய்விட்டது. நகரத்துச் சோதனைகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்த முடிவு என்பது அவருடைய கணிப்பு. பண்ணையில் தனிமை. பையன் அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தான். கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த அறிவியல் புத்தகத்தை 14 வயதில் படித்தான். ஒரு தீவனம் நல்லதா இல்லையா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், அப்பா சொன்னார் என்பதால் சொல்ல முடியாது என்பதை அங்கே கற்றுக்கொண்டான். கல்லூரியில் முதலில் எடுத்த பாடமும் விவசாயம்தான், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அங்கே மாணவர் ஊழியக் கூட்டங்களில் ஈடுபாடு வந்து, போதகராகலாம் என்று எண்ணி வரலாற்றுக்கு மாறினார்.

1922இல் ஒரு திருப்பம். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மாநாடு பீக்கிங்கில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து மாணவர்களில் ரோஜர்ஸும் ஒருவர். கப்பல் பயணமும் ஊர் சுற்றலும் சேர்த்து ஆறு மாதத்துக்கு மேல். முதல் உலகப் போர் முடிந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அருமையான மனிதர்களாக இருந்த பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்று அங்கே பார்த்தார். அவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். தனக்கு ஊட்டப்பட்டது ஒன்றே உண்மை, மற்றது எல்லாம் வழிதவறல் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில் கரைந்தது. இயேசுவைப் பற்றிய தன் எண்ணமே மாறியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் கடிதங்கள். மாறிக்கொண்டிருந்த தன் எண்ணங்களை எல்லாம் ரோஜர்ஸ் வீட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கடிதம் போய், அதற்குப் பதில் வருவதற்கு இரண்டு மாதம்போல ஆகும். அப்பா அம்மா அதிர்ச்சியடைந்து எழுதிய பதில் கைக்கு வரும்போது இவர் அந்த எண்ணத்தில் ஊறி, அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். சண்டை போடாமலேயே வீட்டை விட்டு மனத்தளவில் வெளியேறியதற்கு அந்தத் தபால் தாமதம் உதவியது. புலம்பெயர்ந்த நமக்கு இது நன்றாகப் புரியும். நம் காலத்தில் அந்த இரண்டு மாதம் கிடைப்பதில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் பத்தாவது நிமிடம் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது.

1924இல் பட்டம் வாங்கி, ஹெலன் எலியட்டைத் திருமணம் செய்துகொண்டு, நியூயார்க்கில் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஆசிரியர் இல்லாமல், தங்கள் கேள்விகளையே பாடமாக வைத்து ஒரு கருத்தரங்கு நடத்த அனுமதி கேட்டார்கள். நிர்வாகம் அனுமதித்தது. ஓர் இளம் ஆசிரியர் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் மாணவர்கள் கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. விளைவு, அதில் இருந்த பலர் யோசித்து யோசித்து ஊழியத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். ரோஜர்ஸும் அதில் ஒருவர். எதிர்ச்சாரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி இருந்தது. சாலையைக் கடந்து அங்கே உளவியலுக்குப் போனார். ஒரு நம்பிக்கையைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டு, பிறகு அதை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் இருக்க விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணம். விசுவாசியான எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது கோபம் வரவில்லை. நேர்மையான காரணமாகத்தான் தோன்றியது.

1928இல் ரோச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சங்கத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வருடத்துக்கு 2,900 டாலர். நீதிமன்றங்களும் நல அமைப்புகளும் அனுப்பும் ஏழைப் பிள்ளைகள், திருடிய பிள்ளைகள், அடித்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். பேராசிரியர்கள் யாரும் எட்டிப் பார்க்காத வேலை அது. ஒரு வழிமுறை உதவுகிறதா என்பதுதான் அங்கே ஒரே கேள்வி. அவருடைய சிந்தனை முழுவதும் அந்தப் பன்னிரண்டு வருடங்களில் விளைந்தது என்பது என் எண்ணம். பிறகு பல்கலைக்கழகங்களில் செய்ததெல்லாம் அதற்குப் பெயர் வைத்ததும் அளந்து பார்த்ததும்தான்.

அங்கே நடந்த இரண்டு சம்பவங்களை அவரே எழுதியிருக்கிறார்.

முதலாவது, தீ வைக்கும் ஒரு சிறுவன். காரணமே இல்லாமல் இடங்களுக்குத் தீ வைப்பான். சிறார் குற்றம் பற்றி அன்றைக்குப் பெரிய பெயராக இருந்தவர் வில்லியம் ஹீலி. இத்தகைய குற்றங்களின் அடியில் பாலுணர்வு சார்ந்த ஒரு போராட்டம் ஒளிந்திருக்கும், அதை வெளியே கொண்டுவந்துவிட்டால் குற்றம் நின்றுவிடும் என்பது அவர் எழுத்தின் சாரம். ரோஜர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் சிறுவனோடு உட்கார்ந்து தோண்டினார். எதிர்பார்த்த மாதிரியே ஒரு போராட்டம் வெளிவந்தது. நோய்மூலம் கண்டுபிடித்தாயிற்று. பையனைக் கண்காணிப்பில் வெளியே விட்டார்கள். அவன் மறுபடி தீ வைத்தான். ஹீலி தவறாக இருக்கலாமோ, இந்தப் பெரியவர்களுக்குத் தெரியாதது இருக்கிறதோ என்று அப்போதுதான் முதல்முறை தோன்றியதாம்.

இரண்டாவது, ஓர் அம்மா. மகன் படுத்துகிறான் என்று அழைத்துவந்தார். மகனை வேறொருவர் பார்த்துக்கொள்ள, அம்மாவோடு பேசுவது ரோஜர்ஸின் பொறுப்பு. இவருக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: சிறுவயதிலேயே இந்த அம்மா அந்தப் பிள்ளையை மனத்தால் ஒதுக்கியிருக்கிறார். இதை அவரே உணரும்படி பொறுமையாக, மென்மையாக, வாரம் வாரம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. கடைசியில், நாம் இருவரும் முயன்றோம், பலனில்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த அம்மாவும் சம்மதித்தார். கைகுலுக்கிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வாசலில் நின்று திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை கொடுப்பது உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ரோஜர்ஸ். அப்படியானால் எனக்கு வேண்டும் என்று திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கையைக் கொட்டினார். இதுவரை பேசிய தட்டையான குடும்ப விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அன்றைக்குத்தான் தொடங்கியது, அந்த மகனும் பிறகு தேறினான் என்று எழுதுகிறார்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும், எதைப் புதைத்து வைத்திருக்கிறோம் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். தன் புத்திசாலித்தனத்தைக் காட்டுவதற்குத் தேவை இருந்தாலொழிய, அவர் போகும் திசையை நம்பிப் பின்னால் போவதே மேல். இந்த அம்மாவிடமிருந்து ரோஜர்ஸ் எடுத்துக்கொண்டது இது. படுக்கையோரம் வேலை செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, எல்லாம் எழுதி முடித்துத் திரைச்சீலையை விலக்கப் போகும் நேரத்தில்தான் நோயாளி, சிஸ்டர், இன்னொரு விஷயம் என்பார். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்திருப்பார். ஐரோப்பாவின் டாக்டர்களும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கதவுப்பிடியில் கைவைத்தபடி சொல்வது என்று.

1940இல் ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த வருடம் டிசம்பர் 11ஆம் தேதி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு உரை. மாணவர்களுக்கு அறிவுரை சொல்லி வழிநடத்தும் ஆலோசனை முறைக்கு அந்தப் பல்கலைக்கழகம் பேர்போனது. அங்கேயே போய், அறிவுரை சொல்வது, விளக்கம் கொடுப்பது இதெல்லாம் உதவாது என்று பேசினால் என்ன ஆகும்? ஒரே அமளி. நாம் சொல்வது புதிய விஷயம்தான் போலிருக்கிறது என்று தனக்கே அன்றுதான் தெரிந்தது என்கிறார் ரோஜர்ஸ். அந்தத் தேதியையே தன் முறையின் பிறந்தநாளாகக் குறிப்பிடுவார்.

அடுத்தது 1942இல் வந்த அவருடைய புத்தகம். இலக்கியக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் கொடுத்தது இந்தப் புத்தகம். அதன் கடைசிப் பகுதியில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயர் கொண்ட ஒருவரோடு நடந்த எட்டு சந்திப்புகள் ஒரு சொல் விடாமல் அச்சிடப்பட்டிருக்கின்றன. இழுவைகளும் இடைவெளிகளும் உட்பட. ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் எண். அதற்கு முன்னால் ஒரு சிகிச்சை முழுமையாக இப்படி வெளிவந்ததில்லை. ஃபிராய்டின் நோயாளிக் கதைகள் அற்புதமான கதைகள். ஆனால் அவை ஃபிராய்ட் நினைவிலிருந்து எழுதியவை. கதாசிரியர் அவர். ரோஜர்ஸோ ஒலித்தட்டில் பதிவு செய்தார். அந்தக் காலத்துத் தட்டுகளில் சில நிமிடங்களே பதியும். இரண்டு எந்திரங்களை வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். பிறகு மாணவர்கள் உட்கார்ந்து அதை எழுதி எடுத்தார்கள். மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அதுவரை சிகிச்சையாளர் சொன்னால்தான் உண்டு. பதிவைக் கேட்டபோது, தாங்கள் நினைத்ததைவிட அதிகமாகத் தாங்களே வழிகாட்டிக்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரிந்தது.

இந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்தவரைக் குறிக்க நோயாளி என்ற சொல்லை விலக்கி, கிளையன்ட் என்ற சொல் பரவுகிறது. வக்கீல் வாடை அடிக்கிறது என்ற குறை அவருக்கே இருந்தது. ஆனால் நோயாளி என்றால் படுத்திருப்பவர், நாம் ஏதாவது செய்யக் காத்திருப்பவர். இவரோ தன் சொந்த முடிவில், தன் பொறுப்பை விட்டுக்கொடுக்காமல் உதவி கேட்டு வருபவர்.

தமிழில் இந்தச் சொற்களின் கதை சுவாரசியமானது. இலங்கையில் கவுன்சலிங்கை உளவளத்துணை என்கிறார்கள், வருபவர் துணைநாடி. அருமையான சொல். துணையைத்தான் நாடி வருகிறார், தீர்ப்பை நாடி அல்ல. தமிழகத்தில், குறிப்பாகத் திருச்சபை வட்டாரங்களில், ஆற்றுப்படுத்துதல் என்ற சொல் புழங்குகிறது. ஆற்றுதல் என்றால் தணித்தல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உங்களுக்குத் தெரியும், ஆற்றுப்படை என்பதில் ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு, இந்த வழியாகப் போ, இன்ன மலை வரும், இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், இன்ன அரசனைப் பார் என்று சொல்லி அனுப்புவது. ரோஜர்ஸ் கேட்டிருந்தால் தலையில் கைவைத்திருப்பார். அவர் மின்னசோட்டாவில் சண்டைக்கு நின்றது இதை எதிர்த்துத்தான். ஆனாலும் ஒன்று: ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அரசன் இல்லை. நேற்று வரை அதே பசியில் இருந்தவன். அந்த ஒரு காரணத்தால் அவன் பேச்சைக் கேட்கத் தோன்றுகிறது. இதை ரோஜர்ஸும் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையம் தொடங்கினார். 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒருவர் மாறுவதற்குப் போதுமான நிபந்தனைகள் இவை என்று ஆறு சொல்கிறார். அதில் மூன்று சிகிச்சையாளரின் மனநிலை பற்றியவை. ஒன்று, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்றில்லாமல் இருப்பது. எரிச்சலை மறைத்துக்கொண்டு சிரிக்கும் செவிலியரை நோயாளி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதுதான். இரண்டு, நிபந்தனையில்லாத மதிப்பு. நீ நல்லவனாக நடந்தால் உன்னை மதிப்பேன் என்று சொல்லாமல், இப்போது இருக்கிறபடியே மதிப்பது. சோடா பாட்டிலுக்குக் குற்றவுணர்ச்சி பட்ட பையன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சபையில் நாங்கள் இதைக் கிருபை என்போம். அவர் சமயத்தை விட்டு வந்தபோது இதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்று, அவர் உலகத்துக்குள் போய் அவர் கண்ணால் பார்ப்பது, ஆனால் அதில் மூழ்கிவிடாமல்.

இந்த மூன்றாவதில் அந்த ஆனால் எவ்வளவு கடினம் என்பதை ரோஜர்ஸ் பட்டுத் தெரிந்துகொண்டார். சிகாகோவில், 1940களின் இறுதியில், கடுமையான மனநோய் கொண்ட ஒரு பெண்ணை நீண்ட காலம் பார்த்துவந்தார். அவர் மேலும் மேலும் கேட்க, இவர் மேலும் மேலும் கொடுக்க, எது அவர் எது நான் என்ற எல்லையே அழியத் தொடங்கியது. அவரைப் பார்க்கவே பயம், நிறுத்தவும் மனமில்லை. கடைசியில் ஒரு நாள், அந்தப் பெண்ணை அங்கிருந்த இளம் மனநல மருத்துவர் ஒருவரிடம் விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் மனைவியோடு காரில் ஊரை விட்டே கிளம்பிவிட்டார். இரண்டு மூன்று மாதம் திரும்பவில்லை. வந்த பிறகும் தான் உதவாக்கரை என்ற எண்ணம் போகவில்லை. மையத்தில் தன்னிடம் வேலை பார்த்த ஒருவரிடமே சிகிச்சை எடுத்துக்கொண்டார். தலைமை வகிப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் முன்னால் துணைநாடியாக உட்கார்ந்தார். இதை மறைக்காமல் எழுதவும் செய்தார். மற்றவர்களை நிபந்தனையில்லாமல் மதிக்கச் சொன்னவருக்கு, அதே மதிப்பைத் தனக்கு இன்னொருவர் கொடுக்கும்போது வாங்கத் தெரியவில்லை. அதைக் கற்றபின்தான் தன் சிகிச்சை இயல்பானது என்கிறார்.

அவருடைய முறையைக் கேலி செய்வது எளிது. வந்தவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை என்பார்கள். 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் என்பவர் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் பாணி சிகிச்சையாளரைப் போல அது நடிக்கும். நீங்கள் தட்டச்சு செய்வதைச் சற்றுத் திருப்பிக் கேள்வியாக்கும். அவ்வளவுதான் அதன் அறிவு. ஆனால் வைசன்பாமின் செயலாளர், நிரல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர், கொஞ்சம் வெளியே இருங்கள், நான் தனியாகப் பேச வேண்டும் என்றாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். இன்றைக்கு நள்ளிரவில் கைபேசியோடு மனம் விட்டுப் பேசுகிறவர்களை நமக்குத் தெரியும். கேலிக்காகச் செய்தது, மனிதர்களுக்குக் கேட்பார் இல்லாத பசி எவ்வளவு என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கனமான மறுப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. 1957 ஏப்ரல் 18 அன்று ஆன் ஆர்பரில், யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபரோடு மேடையில் உரையாடினார் ரோஜர்ஸ். சிகிச்சையில் உண்மையாக ஒரு கணம் வாய்த்தால் நாங்கள் இருவரும் சமமாகச் சந்திக்கிறோம் என்பது இவர் கட்சி. பூபர் மென்மையாக, ஆனால் விடாமல் மறுத்தார். அவர் உதவி தேடி உங்களிடம் வருகிறார். நீங்கள் அவரிடம் வரவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் நிற்க முடியும், உங்கள் பக்கமும் அவர் பக்கமும், அவரால் முடியாது. நிலைமையே உங்களைச் சமமாக விடாது. நான் இதில் பூபர் பக்கம். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றுவதும் இறக்குவதும் என் கையில் இருக்கும்வரை, நானும் நோயாளியும் சமம் என்று நான் சொல்வது எனக்கு இதமாக இருக்கும். அவருக்கு அது உண்மையாக இராது.

அதே வருடம் விஸ்கான்சினுக்குப் போய், மெண்டோட்டா அரசு மனநல மருத்துவமனையில் ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளிடம் தன் முறையைச் சோதித்தார். ஆய்வு எதிர்பார்த்த வெற்றி இல்லை. குழுவுக்குள் சண்டை வேறு. ஆனால் அங்கிருந்து ஒரு பதிவு மிஞ்சியது. பேசாத ஓர் இளைஞன். ரோஜர்ஸ் அவனோடு வாரம் இரண்டு முறை உட்கார்ந்தார். பெரும்பாலும் மௌனம், ஒரு மௌனம் 17 நிமிடம் என்று அச்சில் குறிக்கப்பட்டிருக்கிறது. தான் எதற்கும் உதவாதவன், செத்தால் போதும் என்று அந்த இளைஞன் சொல்லும்போது, ரோஜர்ஸ் தைரியம் சொல்லவில்லை. தானும் சில சமயம் அப்படி உணர்ந்ததுண்டு, அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று தெரியும் என்றார். அவன் அழுதான். நாளடைவில் மருத்துவமனையை விட்டு வெளியேறினான். பல வருடம் கழித்து, தான் நன்றாக இருப்பதாக ரோஜர்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னான். 17 நிமிடம் என்பதை நீங்கள் வீட்டில் யாரோடாவது உட்கார்ந்து முயன்று பாருங்கள். எங்கள் வார்டில் யாருக்கும் அந்த 17 நிமிடம் கிடையாது. ஒரு செவிலியருக்கு எத்தனை கட்டில் என்று கணக்குப் போடும் எந்த அதிகாரியும் மௌனத்துக்கு நேரம் ஒதுக்கியதில்லை.

அயர்லாந்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972, வட அயர்லாந்துக் கலவரத்தில் மிக அதிக உயிர்கள் போன வருடம். பெல்ஃபாஸ்டிலிருந்து கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியுமாக ஒன்பது பேரை, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வரவழைத்து, ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். ரோஜர்ஸும் நடத்துநர்களில் ஒருவர். படம் பிடித்தார்கள். உணர்ச்சிகளின் மேல் ஓர் இரும்புக் கதவை இறக்கிவிட்டு வாழ்கிறோம் என்ற பொருளில் ஒருவர் பேசியதிலிருந்தே படத்துக்குப் பெயர் வந்தது. அவர்களில் சிலர் ஊர் திரும்பி, இரு தரப்புச் சபைகளிலும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆயுதக் குழுக்கள் சில பிரதிகளை அழித்தன. கலவரம் அதன்பிறகும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நடந்தது. ஒன்பது பேர் அழுது கட்டிக்கொண்டால் போர் நிற்காது. பீக்கிங்கில் பிரெஞ்சு மாணவர்களையும் ஜெர்மன் மாணவர்களையும் பார்த்த இளைஞர் எழுபது வயதிலும் அதே கேள்வியோடு அலைந்தார் என்பதுதான் எனக்குப் படுகிறது. பிறகு தென்னாப்பிரிக்கா, சோவியத் ரஷ்யா என்று போனார். 1987இல், 85 வயதில், விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிப்ரவரி 4 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார்.

நம்மவர்களுக்கு இவர் முறை ஒத்துவருமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒருமுறை கவுன்சலரிடம் போய்விட்டு வந்து சொன்னார்: நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்கிறாள், எனக்குத் தெரிந்தால் நான் ஏன் மா போகிறேன்? இரண்டாம் முறை அவர் போகவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் சொல்வார்கள், அண்ணன் முடிவு செய்வார், பாஸ்டர் ஒரு வசனம் கொடுப்பார் என்று வளர்ந்தவரிடம் திடீரென்று, நீயே உன் வழியைக் கண்டுபிடி என்றால் அது மதிப்பாகத் தெரியாது, கைவிட்ட மாதிரித் தெரியும். ரோஜர்ஸின் மனிதர் தனி மனிதர். பண்ணையை விட்டு, சபையை விட்டு, சாலையைக் கடந்து போகக் கூடியவர். நம் ஆட்கள் நான் என்று தொடங்கினாலும் அந்த வாக்கியத்துக்குள் ஏழு பேர் இருப்பார்கள்.

ஆனாலும் அந்தக் கேட்கும் அறை நம்மவர்களுக்குத் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம்மவர்களில் பலருக்கு அந்த அறையே வாய்ப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத மனைவிக்குக் கணவரே மொழிபெயர்க்கிறார். பாட்டிக்குப் பன்னிரண்டு வயதுப் பேத்தி மொழிபெயர்க்கிறாள். கணவர் எதிரே அந்தப் பெண் எதைச் சொல்வார்? தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது என்பார். அதற்கு மாத்திரை எழுதப்படும். ரோச்செஸ்டர் அம்மா வாசலில் நின்று திரும்பியபோது அந்த அறையில் வேறு யாரும் இல்லை, அவருடைய மொழி அங்கே செல்லுபடியாயிற்று. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். குடும்பத்தார் வெளியே இருக்கட்டும் என்றும் கேட்கலாம். செவிலியரிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரை வெளியே அனுப்ப எங்களுக்கு நூறு வழி தெரியும்.

நேரம் கடந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.